பந்து போட ஆள் இல்லீங்க

நம்ம காலேஜ் மெக்கானிக்கல் ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்ட் எப்போ ஒட்டினாலும் அதுல ஒரு தலைப்பு நிச்சயம் இருக்கும்: "ஆட்டோமேட்டிக் கிரிக்கெட் பௌலிங் மெஷின்". சில வருஷம் முன்னாடி "டிசைன் அண்ட் ஃபேப்ரிகேஷன் ஆஃப்"னு சேர்த்துக்குவாங்க. இப்போ கொஞ்ச நாளா "ஐ.ஓ.டி. பேஸ்டு"னு சேர்க்கிறாங்க. மெஷின் மட்டும் மாறவே இல்லை. பச்சை பெயின்ட் அடிச்ச ஆங்கிள் ஃப்ரேம், ரெண்டு சக்கரம், ஒரு பி.வி.சி. பைப். ரிவ்யூ அன்னிக்கு நாலு டென்னிஸ் பந்து துப்பும். வைவா முடிஞ்சதும் லேப் மூலைக்குப் போயிடும். அடுத்த வருஷம் அதையே தூசி தட்டி வேற கலர் அடிக்கிற பேட்ச்சும் உண்டு. காசு இருக்கிறவங்க அந்த வேலைகூட வெச்சுக்கிறதில்லை, புராஜெக்ட் சென்டர்ல ரெடிமேடா வாங்கிடுவாங்க.

ரெடிமேட் புராஜெக்ட் தப்புன்னு உங்களுக்கும் தெரியும், விக்கிறவனுக்கும் தெரியும், கையெழுத்துப் போடுற சாருக்கும் தெரியும். அதைத் திட்ட நான் இங்கே வரலை. எனக்கு வயித்தெரிச்சலே வேற. நம்ம லிஸ்ட்ல இருக்கிற முக்கால்வாசி தலைப்புக்கு வெளியில ஆளே கிடையாது, யாரும் அதைக் கேட்கிறதில்லை. இந்த ஒண்ணைக் கேட்கிறதுக்கு மட்டும் நிஜமாவே ஆள் இருக்கு. பத்து, பன்னெண்டு வயசுப் பசங்களும் பொண்ணுங்களும். அவங்க யாரையும் மனசுல வெச்சுக்காம இந்த மெஷினை வருஷா வருஷம் செஞ்சு மூலையில போட்டுட்டு இருக்கோம்.

கொஞ்சம் யோசிங்க. கிரிக்கெட் கத்துக்கிற ஒரு சின்னப் பையனுக்கு என்ன வேணும்? பேட் பழசா இருந்தாலும் போதும். கிரவுண்டு கிடைக்கலைன்னா ரோடு இருக்கு. கிடைக்காத ஒரே விஷயம், சலிக்காம நூறு பந்து ஒரே இடத்துல போட்டுத் தர்ற ஒரு ஆள். தெருவுல பெரிய பசங்க ஆடும்போது சின்னவனுக்கு எத்தனை பந்து கிடைக்கும்? கடைசியா ஒரு ஓவர், அதுவும் "ஒப்புக்குச் சப்பாணி"யா. பொண்ணுன்னா அதுவும் இல்லை. மதுரைப் பொண்ணு கமலினியை 2024 டிசம்பர்ல பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்துல 1.6 கோடிக்கு எடுத்தப்போ அவங்களுக்கு வயசு 16. அந்தச் செய்தியைப் பார்த்து பேட் கேட்ட பொண்ணுங்க நம்ம ஊர்லயும் இருப்பாங்க. அவங்களுக்கு யார் பந்து போடுறா? எங்க தெருவுல ஒரு அக்கா, சாயங்காலம் பால் வாங்கிட்டு வந்ததும் காம்பவுண்டுக்குள்ள நின்னு தன் பொண்ணுக்குப் பந்து போடுவாங்க. முப்பது பந்துல தோள் வலிச்சிடும். "போதும் கண்ணு, நாளைக்கு"ன்னு உள்ளே போயிடுவாங்க. அந்தப் பொண்ணு அப்புறம் சுவத்துல அடிச்சுட்டு இருக்கும்.

சுவரைக் குறைச்சு மதிக்காதீங்க. டான் பிராட்மேன் சின்ன வயசுல பௌரல் ஊர்ல, வீட்டுத் தண்ணித் தொட்டியோட அடிச்சுவத்துல கோல்ஃப் பந்தை எறிஞ்சு, அது திரும்பி வர்றதை ஒரு ஸ்டம்பால அடிச்சுப் பழகினார். உலகத்துலயே மலிவான பந்துவீச்சு இயந்திரம் அதுதான். கரண்ட் வேண்டாம், சர்வீஸ் வேண்டாம்.

பெரிய ஆட்டக்காரங்களுக்கு இந்தப் பிரச்சினையே வேற மாதிரி தீரும். 1998-ல ஆஸ்திரேலியாவோட டெஸ்ட் தொடருக்கு முன்னாடி, ஷேன் வார்ன் லெக் ஸ்டம்புக்கு வெளியே இருக்கிற ரஃப்ல பந்து போடுவார்னு கணக்குப் போட்டு, சச்சின் நம்ம லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை அதே இடத்துல போடச் சொல்லிப் பழகினார். சேப்பாக்கம் டெஸ்ட்ல ரெண்டாவது இன்னிங்ஸ்ல 155 நாட் அவுட். 2005 ஆஷஸ்ல அதே வார்னுக்காக இங்கிலாந்து ஆளைத் தேடலை, மெஷினைத் தேடுச்சு. ஹென்றி பிரையர் செஞ்ச 'மெர்லின்'கிற ஸ்பின் மெஷினை வெச்சுப் பழகினாங்க. இன்னைக்கு இந்திய அணியில ரகுங்கிற ராகவேந்திரா, நீளமான கரண்டி மாதிரி ஒரு சைட்ஆர்மை வெச்சுப் பந்தை வீசித் தள்ளுறார். வேகப்பந்தை ஆடுறதுல தனக்கு முன்னேற்றம் வந்ததுக்கு அவர்தான் காரணம்னு விராட் கோலியே சொல்லியிருக்கார். ஆக, மேல போகப் போக பந்து போடுறதுக்குன்னே சம்பளத்துக்கு ஆள் இருக்கு. கீழே பத்து வயசுக்கு யாரும் இல்லை.

அமெரிக்காவுல இதை எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு பார்த்தா, அங்கே கொல்லைப்புறத்துலயே மெஷின் நிக்குது. பேஸ்பால் ஆடுற பிள்ளைங்க வீட்டுல சின்ன மோட்டார் மெஷின், இல்லேன்னா காலால மிதிச்சா எலாஸ்டிக் கை சுழன்டு பந்தை விடுற மெஷின், இல்லேன்னா துளை போட்ட பிளாஸ்டிக் பந்தை மெதுவா தூக்கிப் போடுற ஒரு குட்டி டப்பா. அப்பா ஒரு முனையில, பிள்ளை ஒரு முனையில. 'லிட்டில் லீக்' பிள்ளைங்களுக்குப் பந்து வீசுற தூரம் 46 அடி, அதாவது 14 மீட்டர்தான். பெரியவங்களுக்கு 60 அடி 6 அங்குலம். தூரத்தை வயசுக்குத் தகுந்த மாதிரி குறைச்சிருக்காங்கன்னு கவனிங்க, கீழே இதுக்குத் திரும்ப வர்றேன். பேஸ்பால் நமக்கு ரொம்ப அந்நியம்னு நினைக்காதீங்க. தேசிய பள்ளி விளையாட்டுல பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் இருக்கு. 2008-ல 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியில ஜெயிச்ச ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிஞ்சுட்டு இருந்த உத்தரப்பிரதேசப் பசங்க. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவங்களை ஒப்பந்தம் பண்ணுச்சு. அந்தக் கதைப் படத்துக்கு இசை நம்ம ரஹ்மான். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ல கிரிக்கெட்டும் பேஸ்பாலும் ரெண்டுமே வருது.

இந்த மெஷினோட வரலாறு ஒரு காமெடி. 1897-ல பிரின்ஸ்டன்ல கணக்கு வாத்தியாரா இருந்த சார்லஸ் ஹிண்டன் முதல்ல ஒண்ணு செஞ்சார். வெடிமருந்துல சுடுற துப்பாக்கி! குழாய் முனையில ரப்பர் சுத்தின விரல் மாதிரி ரெண்டு கம்பி, பந்து வளைஞ்சு போறதுக்கு. துப்பாக்கிக்கு எதிர்ல பேட்டோட நிக்க யாருக்கு ஆசை வரும்? 'டெஸ்ஸராக்ட்'னு நாலாவது பரிமாணக் கனசதுரத்துக்குப் பேர் வெச்சதும் இதே மனுஷன்தான். அடுத்தவர் இன்னும் தெரிஞ்சவர். ஃபர்ஸ்ட் இயர்ல வட்டம் வட்டமா போட்டு மார்க் வாங்கினீங்களே, அந்த வென் டயக்ராமோட ஜான் வென். கேம்பிரிட்ஜ்ல அவர் செஞ்ச பௌலிங் மெஷின், 1909-ல அங்கே வந்த ஆஸ்திரேலிய அணியோட முக்கியமான ஒரு பேட்ஸ்மேனை நாலு தடவை க்ளீன் போல்டு பண்ணுச்சு. கணக்கும் லாஜிக்கும் சொல்லிக்கொடுத்தவங்களால முடிஞ்சிருக்கு. நாம மெக்கானிக்கல், நம்ம ஊர் மோட்டார் ஊர்.

மோட்டார் ஊர்னு சும்மா பெருமைக்குச் சொல்லலை. ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து 1937-ல கோவையில மோட்டார் செஞ்சதுல இருந்து, பம்ப்செட்டுன்னாலே கோயம்புத்தூர்ங்கிற அளவுக்கு வந்தாச்சு. புவிசார் குறியீடு வாங்கின வெட் கிரைண்டர் நம்மளோடது. கணபதி, பீளமேடு பக்கம் எந்தச் சந்துல நுழைஞ்சாலும் ஒரு லேத்துப் பட்டறை, ஒரு வைண்டிங் கடை. ஸ்பின்னிங் மில் ரோலருக்கு ரப்பர் ஏத்தி, கடைஞ்சு, மட்டம் பார்த்துக் கொடுக்கிற ஆளுங்க இருக்காங்க. பந்தைப் பிடிச்சுத் தள்ளுற ரப்பர் சக்கரத்துக்கு அதைவிடப் பொருத்தமான கை வேற எங்கே கிடைக்கும்? ஆனா நம்ம பசங்க என்ன பண்றாங்க? ஆன்லைன்ல ஒரு பொம்மைக் கார் டயரை ஆர்டர் போட்டு, அதைப் பன்னெண்டு வோல்ட் வைப்பர் மோட்டார்ல மாட்டி, "சார், ஸ்பீடு வரலை"ன்னு நிக்கிறாங்க.

எப்படி வரும்? வைப்பர் மோட்டார் உள்ளேயே கியர் இருக்கு, நிமிஷத்துக்கு ஐம்பது, அறுபது சுத்துதான். மழைத் தண்ணியைத் துடைக்கப் பொறந்த ஜீவன் அது. பந்தை ஒண்ணொண்ணா எடுத்துக் கொடுக்கிற ஃபீடருக்கு அது அருமையான மோட்டார், சக்கரத்துக்கு ஆகாது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலேஜ்ல படிச்ச சூத்திரம் ஒண்ணே ஒண்ணு போதும்: சக்கரத்தோட ஓர வேகம் = பை × விட்டம் × சுற்று. நம்ம ஊர்ல சின்ன மெஷினுங்களுக்குப் போடுற சாதாரண சிங்கிள் ஃபேஸ், நாலு போல் இண்டக்ஷன் மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுத்து பக்கம் ஓடும். அதோட ஷாஃப்ட்ல நேரா 150 மில்லிமீட்டர் சக்கரத்தை மாட்டினா ஓர வேகம் செகண்டுக்கு 11.3 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 41 கிலோமீட்டர். 200 மில்லிமீட்டர் சக்கரம்னா 54. ஸ்லிப்ல கொஞ்சம் போகும், போகட்டும். கன்ட்ரோலர் வேண்டாம், ஆர்டுயினோ வேண்டாம், ஆப் வேண்டவே வேண்டாம்.

"ப்ரோ, 41 கிலோமீட்டர் வேகமா? 140 போடணும்"னு ஒருத்தர் சொல்வார். இந்த 140 ஆசைதான் எல்லா புராஜெக்ட்டையும் கெடுக்குது. கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், ஆனா கிரீஸுக்குக் கிரீஸ் 58 அடி, 17.7 மீட்டர். அந்தத் தூரத்துல மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பந்து பேட்ஸ்மேனை அடைய 0.85 செகண்ட் ஆகும். அதே பந்தைப் பாதித் தூரத்துல இருந்து பாதி வேகத்துல விட்டுப் பாருங்க. அதே 0.85 செகண்ட்! பையனோட கண்ணுக்கும் கைக்கும் கிடைக்கிற நேரம் ஒண்ணுதான். ஆனா பந்தோட ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல போகுதே, அது நாலுல ஒரு பங்கா குறைஞ்சிடுது. 160 கிராம் லெதர் பந்து 75-ல வந்தா 35 ஜூல், பாதி வேகத்துல 9 ஜூல் கூட இல்லை. டென்னிஸ் பந்து 58 கிராம்தான், இன்னும் கம்மி. அமெரிக்காக்காரன் பிள்ளைங்களுக்குத் தூரத்தைக் குறைச்ச ரகசியம் இதுக்குப் பக்கத்துலதான் இருக்கு. பந்து வர்ற கோணம் கொஞ்சம் மாறும், ஒத்துக்கிறேன். ஆனா வீட்டு வாசல்ல 18 மீட்டர் யார்கிட்ட இருக்கு? கார் நிறுத்துற இடம் சேர்த்து 9 மீட்டர் கிடைச்சா அதிர்ஷ்டம்.

அந்த 9 மீட்டர்ல நம்ம 150 மில்லிமீட்டர் சக்கரம் என்ன பண்ணும்? ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து மட்டமா விட்டா பந்து ஆறு மீட்டர் சொச்சம் தள்ளித் தரையைத் தொடும். பேட்ஸ்மேனுக்கு முன்னாடி மூணு மீட்டருக்குள்ள பிட்ச் ஆகுது. பத்து வயசுப் பிள்ளைக்கு ஃப்ரண்ட் ஃபுட் பழக இதைவிட நல்ல பந்து வேண்டாம்.

அடுத்து எல்லாரும் சறுக்குற இடம் மோட்டாரோட பவர். அரை ஹெச்.பி. போடலாமா, ஒரு ஹெச்.பி. போடலாமான்னு கேட்பாங்க. ஒரு டென்னிஸ் பந்துக்கு இந்த வேகத்துல தேவை நாலு ஜூல்கூட இல்லை. ஆறு செகண்டுக்கு ஒரு பந்துன்னா சராசரியா ஒரு வாட்டுக்கும் கம்மி! பவர் பிரச்சினையே கிடையாது. பந்து சக்கரத்துக்கு நடுவுல போற அந்த ஒரு கணத்துல சக்கரம் தடுமாறாம இருக்கணும், அதுதான் விஷயம். அதுக்கு வேண்டியது சக்கரத்தோட எடை. ஒரு கிலோ எடையுள்ள 150 மில்லிமீட்டர் சக்கரம் 1440-ல சுத்தும்போது சுமார் 32 ஜூல் வெச்சிருக்கும், ரெண்டுக்கும் 64. பந்து அதுல ஆறு சதவீதம்தான் எடுத்துட்டுப் போகும், வேகம் மூணு சதவீதம் இறங்கும், அடுத்த பந்துக்குள்ள மோட்டார் சரி பண்ணிடும். பிளாஸ்டிக் பொம்மைச் சக்கரத்துல பந்து ஒரு தடவை வேகமா, ஒரு தடவை மெதுவா வர்றது ஏன்னு இப்போ புரியுதா? ஃப்ளைவீல் பாடத்துல தூங்கினதோட பலன்.

ஆனா அதே எடைதான் ஆபத்தும். சுவிட்சை ஆஃப் பண்ணினாலும் சக்கரம் உடனே நிக்காது. கரண்ட் போச்சுன்னு பிள்ளை வந்து மாட்டிக்கிட்ட பந்தை எடுக்கக் கை விட்டா என்ன ஆகும்? நான் பார்த்த எந்த ரிவ்யூ மெஷின்லயும் சக்கரத்துக்கு மூடி இல்லை. பெயின்ட் மட்டும் ரெண்டு கோட். பத்து ரூபாய்க்கு மார்க் போடுற அதிகாரம் எனக்கு இருந்தா, மூடி இல்லாத மெஷினுக்கு வைவாவே கிடையாது. மூடி, மூடியைத் திறந்தா மோட்டார் நிக்கிற லிமிட் சுவிட்ச், விரல் எட்டாத நீளத்துக்கு ஃபீடர் குழாய், எல்லாத்துக்கும் மேல எர்த்திங். ஈரத் தரையில, மெட்டல் ஃப்ரேம்ல, 230 வோல்ட்டோட விளையாட்டு வேண்டாம். மோட்டார் சைடு ஒரு பெரியவர் இல்லாம மெஷின் ஓடக் கூடாது. டென்னிஸ் பந்துன்னாலும் ஹெல்மெட் போடணும், முகத்துக்குக் கிரில் வேணும்.

இங்கே நியாயமான ஒரு எதிர்க் கேள்வி இருக்கு, கோச்சுங்க எல்லாரும் கேட்கிறது. மெஷின்ல பழகினா பையன் கெட்டுப்போவான்னு சொல்றாங்க. பொய் இல்லை. பேட்ஸ்மேன் பந்தை மட்டும் பார்த்து ஆடுறதில்லை. ஓடி வர்ற ஆளோட தோள், மணிக்கட்டு, விரல்னு பந்து கையை விட்டு வர்றதுக்கு முன்னாடியே பாதிச் செய்தியைப் படிச்சிடுறார். மெஷினுக்குத் தோளும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. 2009-ல ராஸ் பிண்டர், இயன் ரென்ஷா, கீத் டேவிட்ஸ் மூணு பேரும் வளர்ற வயசு பேட்ஸ்மேன்களை ஆளுக்கு எதிராவும் மெஷினுக்கு எதிராவும் ஆட வெச்சுப் பார்த்தாங்க. பேட்டைத் தூக்குற நேரமும் முன்காலை வைக்கிற நேரமும் ரெண்டுலயும் வேற வேற. அதே மெஷினை வெச்சு நல்ல அறிவியலும் நடந்திருக்கு. 2000-ல மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் பேட்ஸ்மேன் தலையில கேமரா மாட்டி, பௌலிங் மெஷின் பந்தை ஆட விட்டு, கண்ணு எங்கே போகுதுன்னு அளந்தாங்க. கண்ணு பந்தைத் தொடர்ந்து பார்த்துட்டே இருக்கலை. கொஞ்ச தூரம் பார்த்துட்டு, பந்து குத்தப் போற இடத்துக்கு முன்னாடியே தாவி அங்கே காத்திருந்துச்சு. நல்ல பேட்ஸ்மேனுக்கு அந்தத் தாவல் சீக்கிரமே நடக்குது.

மேஜர் லீக்ல இந்தக் குறைக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சுட்டாங்க. 'ட்ராஜெக்ட்'னு ஒரு மெஷின். நாளைக்கு வீசப்போற பிட்சரோட வீடியோ திரையில ஓடும், அவர் கை பந்தை விடுற இடத்துல இருந்தே, அதே சுழற்சியோட நிஜப் பந்து வரும். 2024 சீசன்ல இருந்து ஆட்டம் நடக்கும்போதே உள்ளே போய் அதுல பழகிட்டு வர அனுமதிச்சிருக்காங்க. தொடங்கினவர்கள்ல ஒருத்தரான ஜோஷுவா போப், கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங் படிச்சவர். நம்மள மாதிரி ஒரு ஸ்டூடண்ட். அவ்வளவு தூரம் நாம போக வேண்டாம். ஃபீடர்ல பந்தைப் போடுற ஆள் முதல்ல கையைத் தூக்கிப் பந்தைக் காட்டிட்டு, அப்புறம் போட்டாலே பிள்ளை தயாராயிடும். தானா போடுற ஃபீடர்னா மூணு விளக்கு வைங்க, சிக்னல் மாதிரி. மூணாவது விளக்குல பந்து. எலக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்கு இதாவது வேலை கொடுக்கணும்ல!

எனக்கு இதுல ஒரு தனிக் கருத்து இருக்கு. கோச்சுங்க சொல்றதை முழுசா ஏத்துக்கிட்டே சொல்றேன்: இந்த மெஷினைப் பேட்டிங்குக்குன்னு மட்டும் பார்க்கிறதுதான் பெரிய வீண். கேட்ச் பழகுறதுக்கு மெஷின் பத்தி யாரும் குறை சொல்ல முடியாது. உயரக் கேட்ச்ல தோள், மணிக்கட்டைப் படிக்கிற பேச்சே இல்லை. பந்து மேலே போகுது, கீழே வருது. மெஷினை மேல் பார்த்துத் திருப்பினா 150 மில்லிமீட்டர் சக்கரம் பந்தை ஆறரை மீட்டர் தூக்கும், 200 மில்லிமீட்டர் சக்கரம் பதினொன்றரை மீட்டர் பக்கம் தூக்கும், காத்துத் தடையைக் கணக்குல எடுக்காம. நாலு மாடி உயரத்துக் கேட்ச். எந்த அம்மாவாலயும் அப்பாவாலயும் நாற்பது தடவை அதைத் தூக்கிப் போட முடியாது. கீழே குனிச்சா கிரவுண்டர். ஒரு சக்கரத்தைவிட இன்னொண்ணு மெதுவா சுத்தினா பந்து சுழலும், மாக்னஸ் விளைவுல வளையும், அதையும் பிடிச்சுப் பழகலாம். நம்ம ஊர் பசங்க பேட்டுக்கு அடிச்சுக்குவாங்க, ஃபீல்டிங்னா மரத்தடி தேடுவாங்க. பந்து தொடர்ந்து வந்துட்டே இருந்தா மரத்தடிக்குப் போக நேரம் ஏது?

இன்னொண்ணு, பந்து. லெதர் பந்தோட தையல் சக்கரத்துல ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி படும், பந்து அங்கே இங்கே போகும். விலைக்கு வாங்குற பெரிய மெஷின்ல குழி குழியா இருக்கிற தனிப் பந்து போடுறது அதனாலதான். அந்த மாதிரி நல்ல மெஷினே ஒரு லட்சத்தைத் தாண்டிடும். நாம டென்னிஸ் பந்தோட நிறுத்திக்குவோம். டென்னிஸ் பந்துல என்ன கேவலம்? சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பந்துல யார்க்கர் போட்டுப் பழகின நடராஜன்தான் 2020-21 ஆஸ்திரேலியத் தொடர்ல மூணு வடிவத்துலயும் அறிமுகமாகி, பிரிஸ்பேன்ல டெஸ்ட் ஜெயிச்ச அணியில இருந்தார். திரும்பி வந்து சொந்த ஊர்லயே கிரவுண்டும் கட்டியிருக்கார்.

கரண்ட் இல்லாத கிரவுண்டுக்கு என்ன பண்றதுன்னு கேட்பீங்க. அங்கே இண்டக்ஷன் மோட்டார் உதவாது. கார் பேட்டரியும் டி.சி. மோட்டாரும்தான், செலவு ஏறும். இல்லேன்னா மோட்டாரே வேண்டாம். பெங்களூருல 'ஃப்ரீபௌலர்'னு மின்சாரமே தேவைப்படாத மெஷின் வந்திருக்கு. ஸ்பிரிங்கும் நெம்புகோலும் தெரிஞ்ச நமக்கு அந்த வழியும் திறந்தேதான் இருக்கு. சொல்லப்போனா செகண்ட் இயர் பசங்களுக்கு அதுதான் நல்ல புராஜெக்ட்னு நான் நினைக்கிறேன்.

ஒண்டிப்புதூர்ல சர்வதேச கிரிக்கெட் மைதானம் வரும்னு 2024-ல இருந்து பேசிட்டு இருக்காங்க. வரட்டும், சந்தோஷம். எஸ்.என்.ஆர். காலேஜ் கிரவுண்டுல டி.என்.பி.எல். நடக்கும்போது நாமளும் லைகா கோவை கிங்ஸுக்குத் தொண்டை கிழியக் கத்துறோம். மைதானம் வந்தா அங்கே ஆடப் போறவன் இப்போ எட்டு வயசுல எங்கேயோ சுவத்துல பந்து எறிஞ்சுட்டு இருக்கான்.

அதனால இந்த செமஸ்டர் பௌலிங் மெஷின் தலைப்பு எடுக்கப் போறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். முதல் ரிவ்யூவுக்கு முன்னாடி காலேஜுக்குப் பக்கத்துல இருக்கிற அரசுப் பள்ளிக்குப் போய் பி.இ.டி. சார்கிட்டயோ மேடம்கிட்டயோ பேசுங்க. பிள்ளைங்க எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் இடம் இருக்கு, பிளக் பாயின்ட் எங்கே, ராத்திரி மெஷினை எங்கே பூட்டி வைப்பாங்க, ரெண்டு பிள்ளைங்க தள்ளிட்டுப் போற எடைக்குள்ள இருக்கணுமான்னு கேட்டு எழுதிட்டு வாங்க. அந்தப் பேப்பர்தான் உங்க டிசைன் ஸ்பெசிஃபிகேஷன். லிட்ரேச்சர் சர்வேன்னு இருபது பேப்பரோட அப்ஸ்ட்ராக்டை ஒட்டுறதைவிட எவ்வளவோ மேல். செலவுக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தோட மாணவர் புராஜெக்ட் திட்டம் இருக்கு, 'நான் முதல்வன்' நிரல் திருவிழா இருக்கு. "அரசுப் பள்ளியில ஓடுது"ன்னு எழுதினா படிக்கிறவங்க நிமிர்ந்து உட்காருவாங்க.

வைவா அன்னிக்கு மெஷின் லேப்ல இருக்கக் கூடாதுன்னு ஒரு விதி போட்டா எப்படி இருக்கும்? எக்ஸ்டெர்னல் சாரை ஆட்டோல ஏத்தி அந்தப் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிட்டுப் போகணும். கேள்வியை நம்மகிட்ட கேட்க வேண்டாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட கேட்கட்டும். "பந்து ஒரே இடத்துல விழுதா? எத்தனை தடவை மாட்டிக்குச்சு? யார் சரி பண்ணினது?"

ஹெச்.ஓ.டி. மேடம் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாங்கன்னு எடிட்டர் சொன்னார். மேடம், ஆட்டோ காசு எங்க பேட்ச் போட்டுக்கும்ங்க.